மகரக்கட்டுக்குப் பிறகு

பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தைப் பழைய நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். வீட்டில் அது ஒரு கேலிப் பேச்சோடு முடிந்துபோகும். சிறுவர்களை மட்டும் வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனியில் அது பிழைப்பைப் பாதிக்கும் சேதி. நேற்றுவரை வள்ளியாகவும் சீதையாகவும் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தவனுக்கு ஆர்மோனியக்காரர் முதலில் அரைக்கட்டை சுருதி இறக்குவார். பிறகு ஒரு கட்டை இறக்குவார். அதற்கும் குரல் நிற்கவில்லையென்றால் பாட்டு அவனைவிட்டுப் போகும், பாட்டோடு வேஷமும் போகும். கூட்டத்தில் நிற்கும் சேவகன் வேடமோ படுதா இழுக்கும் வேலையோ கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஊருக்கு ரயில். பி. யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேரெடுத்த பையன். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறி, சிலம்பம், தேகப்பயிற்சி, சங்கீதம் என்று சில காலம் அலைந்த பிறகுதான் சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது.

முறையாகப் பயின்ற நடிகர் என்று தமிழில் யாரைச் சொல்வது? இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் உருவானவரைத் தயங்காமல் அப்படிச் சொல்லிவிடுவார்கள். நம்மிடம் பரதத்துக்கு நட்டுவனார் வேண்டும், வாய்ப்பாட்டுக்குக் குரு வேண்டும். நடிப்பு மட்டும் பிறவியிலேயே வருவது என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. அந்த எண்ணம் தப்பு. 1910 வாக்கிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமிழில் நடிப்புக்கென்று ஒரு கடுமையான குருகுலம் இருந்தது. தமிழ் சினிமாவின் முதல் இரு தலைமுறை அதிலிருந்துதான் வந்தது. அந்தப் படிப்பு என்ன ஆயிற்று என்று தேடினால் மற்ற தடயங்களைவிடக் குரல்தான் தெளிவாக வழி காட்டுகிறது.

அந்தக் குருகுலத்தின் மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்காரர். ஆரம்பத்தில் எமன், சனீஸ்வரன், இராவணன் மாதிரியான பயங்கர வேடங்களில் தானே நடித்தவர். அவரை மேடையில் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது, அன்றோடு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, நடிகராக இருந்தவர் வாத்தியாரானார். வளர்ந்த நடிகர்களின் குடியும் ஒழுங்கின்மையும் சலித்துப்போய்ப் பையன்களை வைத்து நாடகம் போடலானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. டி. கே. எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். அவர்களில் சிறுவனான டி. கே. சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததைச் சண்முகம் பிற்காலத்தில் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் வியப்புத் தீராமல் சொல்கிறார். கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு நின்றது. பேச்சும் பாட்டும் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த மனிதர்.

கம்பெனி வீடு பள்ளிக்கூடமும் விடுதியும் சிறையும் சேர்ந்த ஓரிடம். காலையில் பாட்டு, பிறகு பாடம், மாலையில் அரிதாரம், இரவெல்லாம் நாடகம். பாடம் என்றால் வசனத்தை நெட்டுருப் போடுவது. தன் பாகத்தை மட்டும் கற்றால் போதாது. கதாநாயகனான ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் கள்ளபார்ட் போடுகிறவன் அன்றைக்கே கிரீடத்தை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் முழு நாடகமும் எல்லோருக்கும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். தப்பினால் பிரம்பு. இந்தப் பிரம்பைப் பற்றிப் பெரிய நடிகர்கள் பிற்காலத்தில் பெருமையாகவே பேசியிருக்கிறார்கள். அந்தப் பெருமையை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. பெயர் பெற்றவர்களின் நினைவுகள்தானே அச்சேறுகின்றன. மகரக்கட்டில் ரயிலேறிய பையன்கள் ஒருவரும் சுயசரிதை எழுதவில்லை.

அங்கே கற்றுக்கொடுத்ததில் முதலிடம் குரலுக்கு. ஒலிபெருக்கி இல்லாத தகரக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவன் காதில் விழாத சொல் வீண். வயிற்றிலிருந்து மூச்சை எடு, மெய்யெழுத்தை விழுங்காதே, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தொங்கவிடாதே என்பதெல்லாம் அழகுக்காக ஏற்பட்ட விதிகள் இல்லை; கொட்டகையின் நீளம் போட்ட விதிகள். முகத்துக்கும் அதே கணக்குத்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாற்பதடி தள்ளி இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் புருவம் கொஞ்சம் அதிகமாகவே ஏற வேண்டும். இன்று நாம் மிகை நடிப்பு என்று சுளுவாகச் சொல்லிவிடுவதில் பாதி, கட்டடக் கலையைச் சேர்ந்த விஷயம்.

இதற்கு இணையாக இன்னொரு கிளையும் இருந்தது. சென்னையில் வழக்கறிஞராயிருந்து நீதிபதியான பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் பொழுதுபோக்காக நடித்த சபை. பாட்டைக் குறைத்து உரைநடையை மேடையில் நிற்கவைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த உரைநடை பாய்ஸ் கம்பெனிக்குள் நுழையக் காரணமானவர்களில் முக்கியமானவர் நடிகர் எம். கே. ராதாவின் தந்தை எம். கந்தசாமி முதலியார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களைக்கூட நாடகமாக்கிப் பையன்களைச் சமூக வேடங்களில் பழக்கினார். பாடாமலும் நடிக்கலாம் என்பது அன்று ஒரு கண்டுபிடிப்பு.

ஆனால் பேசும்படம் வந்தபோது முதலில் அறுவடை செய்தவர்கள் பாடகர்கள். மேடையில் எல்லோரையும் மிஞ்சிய எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். சினிமா அவரைப் பிடிக்கவே இல்லை, இசைத்தட்டுகள்தான் மிச்சம். மறு ஆண்டே எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘பவளக்கொடி’ வந்தது, மேடையில் ஓடிய நாடகமே படமாக. 1944இன் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதருக்கு நடிக்கத் தெரியுமா என்று அன்று எவரும் கவலைப்படவில்லை. பாட்டு ஓடும்வரை கேமரா காத்திருந்தது.

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1936இல் ‘சதி லீலாவதி’யை இயக்கினார். தமிழ் ஒரு சொல் தெரியாது. எம். கே. ராதா, எம். ஜி. ராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா நால்வருக்கும் அது ஆரம்பகாலப் படம். நால்வரும் கம்பெனிப் பிள்ளைகள். மொழி தெரியாத இயக்குநருக்குச் சொல்லின் பொருள் காதில் ஏறாது. அவருக்குத் தெரிவதெல்லாம் உடம்பும் முகமும் அசைகிற விதம். மேடைக் கையசைவைச் சுருக்கச் சொல்லி முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஒரு வெளிநாட்டவராக இருந்ததில் அதிசயமில்லை. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பின்னணிப் பாட்டு வந்தது. இதை ஒரு தொழில்நுட்ப வசதி என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். என் கணக்கில் தமிழ் நடிப்பு வரலாற்றின் நடுப்புள்ளி அதுதான். பாட்டை இன்னொருவர் பாடிக்கொடுப்பார் என்றானதும் மகரக்கட்டின் பயம் போயிற்று. பாடத் தெரியாத, ஆனால் கம்பெனிப் பயிற்சி முழுவதையும் பெற்ற ஒருவன் கதாநாயகனாகலாம். அவனிடம் மிச்சமிருந்த ஆயுதம் வசனம். அந்த நேரத்தில் திராவிட இயக்கம் வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தது.

வி. சி. கணேசன் சிறுவயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து நடிப்பாசை கொண்டவர். அநாதை என்று பொய் சொல்லித் திருச்சியில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்பது அவரே சொன்ன கதை. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி அது. முதல் வேடம் சீதை. அதே இராமாயணத்தில் பரதன், சூர்ப்பனகை என்று மாறி மாறிப் போட்டார். பெண் வேடத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. பிற்காலத்தில் சக்தி நாடக சபாவில் அவர் நூர்ஜஹானாக நின்றதைப் பார்த்துத்தான் படத் தயாரிப்பாளர் வேலூர் பி. ஏ. பெருமாள் முதலியார் அவரைக் குறித்துவைத்தார். ஸ்திரீபார்ட் ஒருவனுக்குக் கொடுக்கும் படிப்பு தனி. நடக்கும்போது இடுப்பு எங்கே, உட்காரும்போது முழங்கால் எங்கே, தலை திருப்பாமல் கண்ணால் மட்டும் எப்படிப் பதில் சொல்வது என்று தன் உடம்பையே அந்நியப் பொருளாகப் பார்க்கப் பழக வேண்டும். பின்னாளில் ‘நவராத்திரி’யின் (1964) ஒன்பது வேடங்களுக்கும் ஒன்பது நடை கிடைத்தது அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்து, அது நடக்காமல் போய், வேடம் கணேசனிடம் வந்தது. அண்ணாவே காகபட்டராக எதிரில் நின்றார். பக்கம் பக்கமான வசனத்தைக் கணேசன் சில மணி நேரத்தில் பாடம் செய்துவிட்டார் என்று சொல்லும்போது கேட்பவர்கள் அசாத்திய மேதை என்பார்கள். கம்பெனிப் பையனுக்கு அது தினசரி வேலை. 1946இல் பெரியார் வாயால் பெயர் ‘சிவாஜி’ ஆயிற்று.

‘பராசக்தி’ படத்தை எடுத்தபோது ஸ்டூடியோ அதிபர் ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கு முதலில் சிவாஜிமேல் நம்பிக்கை வரவில்லை. கே. ஆர். ராமசாமியைப் போடலாம் என்ற பேச்சு இருந்தது. பெருமாள் முதலியார் அசையவில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அந்த நீதிமன்றக் காட்சியில் கருணாநிதியின் எழுத்தைப் பற்றிப் பேசியாகிவிட்டது, அரசியலைப் பற்றியும் பேசியாகிவிட்டது. மூச்சைப் பற்றி அதிகம் பேசவில்லை. அடுக்கடுக்காக வரும் தொடர்களில் சிவாஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி சுருதி ஏற்றுகிறார். உச்சியில் நிறுத்தாமல் சட்டென்று கீழே இறங்கி, கிட்டத்தட்டப் பேச்சுக் குரலில் அடுத்ததைத் தொடங்குகிறார். பல்லவி, அனுபல்லவி, திரும்பப் பல்லவிக்கு வரும் கணக்கு இது. பாடாத நடிகன் கீர்த்தனையின் உடலை உரைநடைக்குள் ஒளித்து வைத்துவிட்டான். ஊர் ஊராகப் பையன்கள் அந்த வசனத்தை ஒப்பித்ததற்குக் கொள்கை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அது வாயில் பாட்டுப்போல உட்காரும்.

சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மனை 1957இலிருந்து மேடையில் ஊர் ஊராகப் போட்டு, 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் படமாகவும் நடித்தார். 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தமிழ் தெரியாத நடுவர்கள் அந்த வசனத்தில் எதைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்ததுண்டு. சுருதியைத்தான் கேட்டிருப்பார்கள். இராஜகம்பளத்து நாயக்கரான கட்டபொம்மன் வீட்டில் பேசியது தெலுங்காக இருந்திருக்கும். இன்று நம் காதில் அவருக்கு இருப்பது விழுப்புரத்துக் கணேசனின் தமிழ்க் குரல்.

அவருக்கு அடக்கி நடிக்கத் தெரியாது என்பவர்கள் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்தைப் பார்க்கட்டும். பாட்டே இல்லாத படம். ஜப்பானுக்கு ரகசியம் விற்கும் ரேடியோ இன்ஜினீயர். படம் தொடங்கும்போதே குண்டு பட்டுச் சாகிறான். பிறகு ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறான். குரலை அவர் அறையின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அளவு தெரியாத நடிகனால் இது ஆகாது. கேட்கும் இயக்குநர் இருந்தால் கொடுத்தார், கேட்காதவர்களிடம் கொட்டகைக் கணக்கிலேயே கொடுத்தார்.

எழுபதுகளில் நடந்த சரிவுக்கும் இதுதான் காரணம். மேடையில் ‘வியட்நாம் வீடு’, ‘தங்கப்பதக்கம்’ என்று நல்ல வேடங்கள் பிறந்து படமாயின. ஆனால் வரிசையாக வந்த பல படங்களில் அவரே அவரைப் பார்த்து நடித்தார். கம்பெனியில் இருந்த ஒன்று சினிமாவில் இல்லாமல் போயிருந்தது. ‘போதும்டா, இறக்கு’ என்று சொல்ல ஒரு வாத்தியார் இல்லை. ‘முதல் மரியாதை’யில் (1985) பாரதிராஜா ஏறக்குறைய அந்த வேலையைச் செய்தார். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் பெரிய தேவராக அவர் பேசும் காட்சிகளில் பழைய மூச்சுக் கணக்கு அப்படியே இருக்கிறது, ஒலி அளவு மட்டும் பத்தில் ஒன்று.

எம். ஆர். ராதாவின் கதை வேறு. அவரும் கம்பெனிப் பிள்ளைதான், ஆனால் அங்கே கற்ற குரலை அவர் உடைத்துப் போட்டார். ஒரே வாக்கியத்தில் அடித்தொண்டையில் கரகரத்து, நடுவில் கீச்சென்று உச்சத்துக்குப் போய், முடிவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி முடிப்பார். மகரக்கட்டைக் குறையாகப் பார்த்த பள்ளிக்கு அவர் சொன்ன பதிலாகவே அதைக் கேட்கலாம். உடைந்த குரலையே வித்தையாக்கியவர் அவர். திருவாரூர் கே. தங்கராசுவின் ‘ரத்தக் கண்ணீர்’ மேடையில் ஓயாமல் நடந்து, 1954இல் படமாயிற்று. மேடையில் அன்றன்றைய செய்தித்தாள் சமாசாரமெல்லாம் வசனத்துக்குள் வரும். எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசு என்று அவரைக் கட்டிவைக்க எவராலும் முடியவில்லை. அதே 1954இல் சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது அவரை மனத்தில் வைத்துத்தான் என்று நாடக உலகம் பேசியது. அவருக்கு அதில் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

எம்.ஜி.ஆர். அதே படிப்பிலிருந்து உடம்பை எடுத்துக்கொண்டவர்: வாள், சிலம்பம், ஓட்டம். குரலை அவர் அதிகம் நம்பியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராதா சுட்ட குண்டு தொண்டையைச் சேதப்படுத்தி, குரல் குழறியது. இரவல் குரல் வைக்காமல் அதே குரலோடு படங்களில் பேசினார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். கம்பெனி வாத்தியார்கள் கண்டிருந்தால் அவர்களுடைய பாடத்திட்டமே ஆட்டம் கண்டிருக்கும். ரசிகர்கள் எம்.ஜி.ஆரைத்தான் ‘வாத்தியார்’ என்றார்கள்.

மேடையை விட்டு நகராமல் நின்றவர் டி. கே. சண்முகம். சில படங்களில் நடித்தார். அவை அவர் வாழ்க்கையில் ஓரத்தில் இருக்கின்றன. முப்பது வயதில் ஔவையாராகக் கூன் விழுந்த கிழவி வேடம் கட்டி, அதுவே பட்டமாகி ‘ஔவை’ சண்முகம் ஆனார். அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ அவர்கள் மேடையில் புகழ்பெற்ற நாடகம். 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக அது வந்தபோது கிரீடம் சிவாஜி தலையில் இருந்தது. சண்முகம் இறந்ததும் அதே ஆண்டில். அவர் குழுவில் தவழ்ந்தவர்களில் கமல் ஹாசனும் ஒருவர். 1996இன் ‘அவ்வை சண்முகி’ என்ற தலைப்பு அந்த ஆசிரியருக்கு வைத்த வணக்கம் என்று புதுத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களுக்குப் பாய்ஸ் கம்பெனியின் கதவு திறக்கவே இல்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியது தனி அத்தியாயம். மற்றவர்கள், நடிகர்களைத் தனித்தனியே அழைத்து ஓரிரவுக்குப் போடும் ஸ்பெஷல் நாடகம் வழியாக வந்தார்கள். கே. பி. சுந்தராம்பாள் கிட்டப்பாவைச் சந்தித்தது இலங்கையில் நாடகம் போன இடத்தில். அவர் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் போட லட்ச ரூபாய் வாங்கினார். பையன்கள் சீதையாக நின்ற காலத்தில் ஒரு பெண் நந்தனாராக நின்றதை நாம் வேடிக்கைச் செய்தியாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று மேடையில் பெயர் வாங்கிய மனோரமா, வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சை மாற்றிய வித்தையை எந்தக் குருகுலமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஊர் ஊராக நாடகம் போட்ட காதுதான் குரு.

ஐம்பதுகளில் கம்பெனிகள் மூடின. சினிமா ஆளைக் கொண்டுபோயிற்று, கொட்டகையையும் கொண்டுபோயிற்று. சபா நாடகங்கள் வந்தன. அவற்றில் நடித்தவர்கள் பகலில் ஆபீஸ் போனார்கள். ஒலிபெருக்கி வந்த பின் வயிற்று மூச்சுக்கு வேலையும் இல்லை.

அடுத்த குருகுலம் எழ இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். புரிசைத் தம்பிரான்களின் தெருக்கூத்தைப் பார்த்து நிலைகுலைந்தார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து இளைஞர்கள் அடவு கற்றார்கள். இந்தப் பள்ளியின் மையம் குரலிலிருந்து உடம்புக்கு மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர்களை அவர்கள் நிற்கிற நிலையிலேயே அடையாளம் கண்டுபிடிக்கலாம். ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) பசுபதியின் ரங்கன் வாத்தியார் சும்மா நிற்கும்போதுகூடப் பாதம் தரையைப் பிடித்திருக்கும். ‘மின்னல் முரளி’யில் குரு சோமசுந்தரம் இன்னொரு மொழியில், தோளைக் குறுக்கியே ஒரு மனிதனின் அவமானம் முழுவதையும் காட்டிவிட்டார். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போய், நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து கற்றவர். நெட்டுருவும் பிரம்பும் இல்லாத பள்ளி. அவர்கள் வசனம் பேசும்போது மட்டும் சில இடங்களில் வாக்கியத்தின் கடைசிச் சொல் தொங்குவது எனக்குக் கேட்கும். காலர் மைக் இருப்பதால் யாருக்கும் குறையாகத் தெரியாது.

பழைய படிப்பு முற்றிலும் போய்விடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் ஓரூர். பல நேரம் அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இருவருக்கும் மனப்பாடம், அது போதும். மேடையில் மைக் நிற்கிறது; முருகனும் வள்ளியும் தர்க்கத்துக்கு அதனருகே வந்து, பேசி முடித்து நகர்கிறார்கள். படுதாவுக்குப் பின்னால் அரிதாரம் காய்ந்துகொண்டிருக்கும் புதுப் பையனிடம் ஆர்மோனியப் பெட்டிக்காரர் முதலில் கேட்பது பெயரை இல்லை. “எத்தனை கட்டை தம்பி?”